கோவிந்தம்மாவின் வலக்கைப் பக்கம்

பொன்சாமி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் கோபம் வரும். கடல் கடந்த கரும்புத் தீவில், தவுவா என்கிற ஊரில், அவர் வீட்டுப் பின்னறையில் மூன்று வருடம் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன் நான். அவர் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவரின் பேரன். நாற்பது வருடம் கரும்போடு மல்லுக்கட்டி முதுகு வளைந்து, அறுபத்தெட்டு வயதில் யார் எது சொன்னாலும் "அச்சா" என்று கேட்டுக்கொள்கிற மனிதர்.

அவர் மனைவி கோவிந்தம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. புத்தியும் பேச்சும் தெளிவு. வலது கையில் பிடிக்க ஏதாவது கிடைத்தால் எழுந்து நிற்பார், நாலு எட்டு வைப்பார். கக்கூஸும் குளிக்கிற தகரக் கொட்டகையும் வீட்டுக்குப் பின்னால் முப்பதடி தள்ளி இருந்தன. மருமகள் உர்மிளாதான் அணைத்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். பொன்சாமி கிட்டே வரக் கூடாது. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம், நாலு பிரசவம். இருந்தும் அந்த ஒரு காரியத்தில் புருஷன் கண்ணில் படுவதைவிடச் சாவது மேல் என்று இருந்தார் அந்த அம்மா.

இரண்டாயிரமாம் வருடம் மே மாதம் தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதன் பிறகு தவுவாவில் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: மனு போட்டாச்சா, பேப்பர் வந்ததா? பொன்சாமியின் மகனும் கனடாவுக்கு மனு போட்டான். அடுத்த வருடம் அவனுக்கும் உர்மிளாவுக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்துவிட்டது. அம்மா வைத்தியப் பரிசோதனையில் தேறமாட்டார் என்று ஏஜெண்டு முதலிலேயே கைவிரித்துவிட்டான். ஐந்து வாரத்தில் கிளம்ப வேண்டும்.

அன்று சாயங்காலம் பொன்சாமி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், வூட்டுக்கு உள்ளாறயே ஒரு பாத்ரூம் கட்டிடலாம்னு பாக்கறேன். உர்மிளா போயிட்டா அவ தனியாவே போய்வரணும். நான் ஒத்தாசைக்குப் போனா ஒத்துக்கமாட்டா. நீங்க படிச்சவரு, ஒரு படம் போட்டுக் குடுங்க."

போட்டேன், கட்டம் போட்ட காகிதத்தில், அங்குலக் கணக்கில். படுக்கையறையை ஒட்டி ஐந்தடிக்கு ஏழடி. கால் தடுக்காமல் இருக்க வாசல்படி கிடையாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்; உள்ளே விழுந்துகிடந்தால் தள்ளித் திறக்க முடியாமல் போகக் கூடாதே. தரை சொரசொரப்பு. உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை, முழங்கால் உயரத்தில் குழாய். எதிர்ச்சுவரில் கமோடு. அதை வலப்பக்கச் சுவரோரமாகத் தள்ளி, அந்தச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி. எந்தக் கை நல்ல கை என்பதை நான் மறக்கவில்லை. பெரிய கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தவுவாவில் மிச்சமிருந்த ஒரே பிளம்பர் கார்டன் என்பவன். மெதடிஸ்ட் சபைத் தமிழன். தாத்தா பேசிய தமிழில் அவனுக்கு மிஞ்சியது பத்து வார்த்தை. அவனுக்கும் ஆக்லாந்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. "மாஸ்டர், ஈ ஹமார் லாஸ்ட் ஜாப்" என்று, இதுதான் தன் கடைசி வேலை என்பதை அந்த ஊர் இந்தியில் சொல்லிச் சிரித்தான். படத்தில் இருந்ததை இம்மி பிசகாமல் செய்தான். குழாயை வலச்சுவர் ஓரமாகப் புதைத்து மேலே சிமெண்டு போட்டான். கமோடு கடைசி வாரம்தான் கடைக்கு வந்தது. அதையும் பொருத்திவிட்டு அன்றைக்கே விமானம் ஏறினான்.

மறுநாள் உர்மிளா மாமியாரை உள்ளே கூட்டிப்போய், பிடிக்காமல் விலகி நின்றாள். கோவிந்தம்மா கமோடு வரைக்கும் நடந்து, மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். கம்பி இடப்பக்கம் இருந்தது. விழுந்த கை அதன் கீழே தொங்கியது. வலது கை எதையோ தேடித் துழாவியது. அந்தப் பக்கம் மூன்றடிக்கு ஒன்றுமே இல்லை.

உட்காருகிறவர் திரும்பித்தான் உட்காருவார். வாசலில் நின்று பார்த்துப் படம் போட்ட கணக்கு வாத்தியாருக்கு அது தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காயை நான் சிமெண்டு போட்டு வேறு புதைத்திருந்தேன். பொன்சாமி நியாயமாக என்னை அறைந்திருக்க வேண்டும்.

"வுடுங்க மாஸ்டர். நானும்தான் கூட நின்னு பாத்தேன். எனக்கும் தோணல" என்றார்.

உர்மிளா கிளம்ப ஐந்து நாள் இருந்தது. லௌடோகா நகரம் வரை அலைந்தோம். ஒரு பிளம்பர் மெல்போர்ன் போய்விட்டிருந்தான். இன்னொருவன் வீடு பூட்டிக்கிடந்தது. மூன்றாமவன் வந்து குனிந்து பார்த்து, தரையை உடைத்துக் குழாயை மாற்ற இரண்டு வாரமாகும், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், வரவே இல்லை. வலப்பக்கம் கனமான நாற்காலி போட்டோம், ஈரத்தில் வழுக்கியது. உர்மிளா பிடித்திராவிட்டால் அந்த அம்மா விழுந்திருப்பார். பொன்சாமி தரையைத் துளைத்து ஓர் இரும்புக் குழாயை நட்டார். மூன்றங்குலச் சிமெண்டு தாங்குமா? இரண்டாவது இழுப்பிலேயே ஆடிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போகிற அன்று உர்மிளா மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கார் ஏறும்போது என்னிடம், "மாஸ்டர், மா பானி நஹி பியே" என்றாள். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அந்த அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொன்சாமி டம்ளரோடு கட்டிலருகே நின்றார். "ஒரு வாய் குடிம்மா." அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் இரண்டு பக்கமும் வீடு காலி. "தண்ணி குடுத்தாலும் பாவம், குடுக்காட்டியும் பாவம். நான் என்னாதான் பண்றது மாஸ்டர்?" என்று கேட்டார்.

உர்மிளா போன நாலாம் நாள் மத்தியானம் போர்ச்சில் உட்கார்ந்து நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். பொன்சாமி பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கோவிந்தம்மாவின் குரல் கேட்டது.

"உர்மிளா!"

பொன்சாமி கத்தியை வைத்துவிட்டு, "தோ, வந்துட்டேன்" என்று எழுந்து உள்ளே போனார். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். திரும்பி வந்து கிழங்கைக் கையில் எடுத்தார்.

"உர்மிளா ஊருக்குப் போனது அம்மாவுக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"மறக்கல. புள்ளைங்க குளுருல என்னா பண்ணுதோன்னு காலையிலகூடக் கேட்டா." கிழங்கைச் சீவாமல் கையிலேயே வைத்திருந்தார். "தண்ணி குடிக்கறா மாஸ்டர், நேத்துலேருந்து. உர்மிளான்னு கூப்புடறா. நான் போறேன். அவ கண்ண மூடிக்கிறா."