குதிகாலைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்

“புடிச்சா! தபால்காரர் காலையும் புடிச்சா, வேன் ஓட்டுறவர் காலையும் புடிச்சா. அளவெடுக்கத்தானே புடிச்சா, உனக்கு எங்கடி நோகுது?” என்று செருப்புக் கடை வீட்டு மாமியார் எதிர்வீட்டுக்காரியை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தார்.

“அதுக்கில்லக்கா. போற வர்ற ஆளையெல்லாம் வாசல்ல நிக்கவச்சு, இவ கீழ உக்காந்துகிட்டு... தெருவே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். பல்லாவது காத்தாடும்.”

அந்தச் சிரிப்புக்கெல்லாம் காரணம், வெளியூரில் வேலை பார்க்கும் இளைய மகனின் மனைவி, அவருடைய இளைய மருமகள். தெரு அவளுக்கு ‘கால்காரி’ என்று பட்டம் கட்டியிருந்தது. காதில் செருகிய பென்சில், கையிடுக்கில் பழைய செய்தித்தாள் கட்டு. எதிரே வருபவரின் முகத்தைப் பிறகுதான் பார்ப்பாள்; முதலில் பாதம். “அண்ணே, குதிகாலைச் செவுத்தோட ஒட்டி வைங்க. விரலை மடக்காதீங்க. மூச்சு விடலாம், அதுக்குத் தடையில்ல.” பென்சில் பாதத்தைச் சுற்றி வந்ததும், ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பெழுதுவாள்: பெருவிரல் எலும்பு புடைப்பு, இரண்டாம் விரல் நீளம், நாள் முழுக்க நிற்கிறவர்.

மூத்த மகன் செருப்புக் கடையை ஆன்லைனில் ஏற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆள் வைத்துச் செய்த கடை. போனில் திறந்தால் பரிசுச் சக்கரம் சுற்றும், நட்சத்திரம் உதிரும், ‘இன்னும் இரண்டே ஜோடி’ என்று ஒரு பெட்டி குதித்து வந்து பொய் சொல்லும். வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களில் பாதிப்பேர் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த பெட்டிகள் கூடத்தில் அடுக்கடுக்காய் ஏறி ஜன்னலை மறைத்துவிட்டன. போனில் வருகிற ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் இளையவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

“மூணு மாசம் பாப்பேன். அதுக்குள்ள திரும்பி வர்றது நிக்கலன்னா ஆன்லைன் கடைய மூடிடுவேன். நீயும் போனை வச்சிட்டு அடுப்பைப் பாரு” என்றார் மூத்தவர்.

அவள் வாதாடவில்லை. ஏசுகிறவர்களிடம் ‘மன்னிச்சுக்குங்க’ என்பதை நிறுத்திவிட்டு, “எங்க கடிக்குது? முன்னாலயா, பக்கத்துலயா?” என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு செருப்புப் பட்டறையின் ஏழாம் எண் அளவு இன்னொரு பட்டறையில் எட்டாக இருப்பது அப்படித்தான் தெரிந்தது. கடையில் இருந்த ஒவ்வொரு வகையையும் தெருக்காரர்களின் காலில் போட்டுப் பார்த்தாள். யாருக்கு எது பொருந்தியது என்று தாளில் குறித்தாள்.

ஒரு மத்தியானம் மாமியாரைப் பிடித்து உட்காரவைத்தாள். “அத்தை, இந்தாங்க போன். நீங்களே ஒரு செருப்பு வாங்குங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“எனக்கு எழுத்தே தெரியாதேடி!”

இளையவள் போனை அவர் கையில் திணித்தாள். மாமியார் தயங்கித் தயங்கித் தொட்டார். பெட்டி குதித்தது, சக்கரம் சுற்றியது, செருப்பைக் காணோம். விரல் அந்தரத்தில் நின்றது. “ஐயையோ, எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணல அத்தை. கடைதான் தப்பு.”

மாமியார் போனை மடியில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பேருந்தின் பலகையில் தொடங்கி மருந்துச் சீட்டு வரை, படிக்க முடியாத எதன் முன்னாலும் தன்னையே குற்றவாளியாக நிறுத்திப் பழகியவர் அவர். இப்படியொரு வார்த்தையை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மறுவாரம், கடை செய்துகொடுத்த ஆளிடம் சொல்லி, சக்கரத்தையும் நட்சத்திரத்தையும் அவள் எடுக்கவைத்தாள். திறந்ததும் ஒரு படம்: சுவரோடு ஒட்டிய குதிகால், விரல் நுனியில் ஒரு கோடு. கோடு வரைந்த தாளைப் படமெடுத்து அனுப்பினால் போதும். எந்த எண் என்று அவள் சொல்வாள். செருப்பைக் கையால் வளைத்துக் காட்டும் படம், அடிப்பாகத்தின் படம், ஈரத் தரையில் வழுக்குமா என்பதற்கு ஒரு வரி. வழுக்கும் என்றால் வழுக்கும் என்றே எழுதினாள். “சொந்தக் கடைக்கே சூனியம் வைக்கிறா” என்று மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் மாதம் கூடத்து ஜன்னல் தெரிந்தது. மூன்றாம் மாதம் கூரியர்காரர் சைக்கிளை விட்டுவிட்டு வேனில் வந்தார்.

ஒரு நாள், வலது கால் ஒரு விரற்கடை சிறுத்த பெண்ணொருத்தி போன் செய்தாள். வாழ்நாளெல்லாம் ஒரு செருப்பில் பஞ்சு அடைத்து நடந்தவளாம். இளையவள் தாள் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தாள். ஆயிரம் பாதங்களுக்கு நடுவில், இடது கால் அதே அளவு சிறுத்த இன்னொருத்தியைக் கண்டெடுத்தாள். இரண்டு ஜோடியைப் பிரித்து மாற்றிக் கட்டினாள், இருவருக்கும் பொருந்தியது. அந்த இருவரும் இன்றுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மாமியார் அந்தத் தாள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ மனுஷிதானா?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

கடை ஓடத் தொடங்கியதும் மூத்தவர், “இனி சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்கேன், அவங்க பாத்துப்பாங்க. நீ உள்ள போ” என்றார். அதே வாரம், அளவு பிசகாத கடையைக் கேள்விப்பட்டு வேறொரு நகரத்துக் காலணிக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அதே நகரத்தில் வேலையில் இருந்த அவள் கணவன், “உடனே கெளம்பி வா” என்றான்.

“நம்ம வீட்டுப் பொண்ணு இன்னொருத்தன் கடைக்கா? படி தாண்டினா நல்லாருக்காது” என்று குதித்தார் மூத்தவர்.

“நீதானடா உள்ள போகச் சொன்ன? அவ வெளிய போறா. கொஞ்சம் வழி விடு” என்றார் மாமியார்.

கிளம்பும் காலையில் கடை போன் அடித்தது. வீடே அவளைப் பார்த்தது. அவள் அதை எடுத்து மூத்தவரின் உள்ளங்கையில் வைத்தாள், தன் துணிப்பெட்டியைத் தூக்கினாள். வாசலின் இரட்டைக் கதவில் ஒன்றைத்தான் எப்போதும் திறப்பார்கள். சரக்கு மூட்டை வந்தால் மட்டுமே மற்றது. ஒருத்தி போவதற்கு ஒரு கதவு தாராளம். ஆனாலும் மாமியார் குனிந்து, துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்து, மற்றக் கதவையும் அகலத் திறந்துவிட்டார்.