கம்பிக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர்

இன்னொருவர் விரல் வலிக்குமா வலிக்காதா என்பதை, அவர் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தொழில். புதுச் செருப்பு கடிக்கும்போது ‘போடப் போட சரியாகிடும்’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வீடு வரைக்கும் நொண்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உட்காருங்கள்.

யுகுலேலே என்பது நாலு நைலான் கம்பி போட்ட குட்டி கிதார். அதன் கழுத்தில் குறுக்கே மெல்லிய உலோகக் கோடுகள் பதித்திருக்கும். பன்னிரண்டாவது கோட்டுக்கும் மேலே போகும் கம்பிக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அழுத்துகிற விரல் நோகும். ரொம்பக் குறைந்தால் கம்பி உரசிக் கரகரக்கும். இதைப் பார்க்கத்தான் தர்மபுரியில் மாதையன் அண்ணன் தன் வாத்தியக் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஓசூர் கம்பெனியில் ஆள் குறைத்து நான் சும்மா இருந்த நேரம் அது. சேர்த்த அன்றே ஒரு நிபந்தனையும் போட்டார். விற்ற யுகுலேலே ஒரு தடவை குறையென்று வரலாம், அதே யுகுலேலே மறுபடி வந்தால் இந்தச் சாமானையே கடையை விட்டு எடுத்துவிடுவார். சாமான் போனால் நானும் போக வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று பயமாகத்தான் இருந்தது.

முதலாளி விரல்

முதல் பெட்டியைப் பிரித்ததும் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்து அளந்தேன். சரியாக மூன்று காட்டியது. ஆனால் அழுத்திப் பார்த்தால் விரல் நுனியில் பள்ளம் விழுந்தது. ஸ்கேலை நம்புவதா விரலை நம்புவதா என்று புரியவில்லை. முதலாளியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் பம்பை மேளம் அடித்து அடித்துக் கை காய்ச்சுப்போனவர். நாலு கம்பியையும் அப்படியே ஒரு விரலால் அமுக்கி, அரை நிமிடம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு சொன்னார்: “எனக்கு ஒண்ணுமே தெர்லியேப்பா. கம்பி இருக்குதா இதுல?”

சைபர் எங்கே?

அந்த முதல் யுகுலேலேவை வாங்கியவர் மாரண்டஹள்ளிப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் மல்லிகா டீச்சர். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வாங்கினார். நாலாம் நாளே வந்து விரலை நீட்டினார். நுனியெல்லாம் சிவந்திருந்தது. இதோ பாருங்கள் டீச்சர், அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் எதிரிலேயே ஸ்கேலை நிறுத்திக் காட்டினேன். மூன்று.

டீச்சர் ஸ்கேலை வாங்கி அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். பூஜ்யக் கோட்டுக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் வெற்றுப் பிளாஸ்டிக் இருந்தது. அந்த வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் நான் கோட்டின்மேல் நிறுத்தியிருக்கிறேன். ஆக, நான் மூன்று என்று சொன்னதெல்லாம் ஐந்து. அலமாரியில் ‘சரி’ என்று சீட்டு ஒட்டி அடுக்கியிருந்த பதினொன்றிலும் சீட்டைக் கிழித்தேன். டீச்சர் கொண்டுவந்ததில், கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டை உருவி, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்கிக் கொடுத்தேன். டீச்சர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: “கொழந்தைய செவுத்துல நிக்கவெச்சு ஒயரம் பாக்கறப்ப, சைபர் தரையில இருக்குதான்னு மொதல்ல பாப்பங்கண்ணா. எங்களுக்கு ட்ரெய்னிங்லயே சொல்லித் தருவாங்க.”

ஆளுக்குப் பாதி

அந்த வாரமே கம்பைநல்லூரிலிருந்து ஒரு விவசாயி, கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்தார். உயரம் இறக்கியதைக் கொடுத்தேன். மகள் வாசித்து, நன்றாக இருக்கிறது என்றாள். அப்பா வாங்கி ஓங்கி மீட்டினார், கரகரவென்றது. அவர் கை பலம் அப்படி. கொஞ்சம் ஏற்றினேன். அப்பாவுக்குச் சரி, மகளுக்கு வலி. இறக்கினேன். மறுபடி கரகர. மூன்றாவது தடவை கம்பியைத் தளர்த்தும்போது நான் ஏற்றுகிறேனா இறக்குகிறேனா என்பதே எனக்கு மறந்துவிட்டது.

யார் வாசிக்கப் போகிறீர்கள், ஒரு ஆளைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அப்பாவும் மகளும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: “வூட்ல ரெண்டு பேரும்தாங்க வாசிப்போம். ரெண்டு கம்பிய ஏத்தியும் ரெண்டு கம்பிய எறக்கியும் வெச்சுக் குடுத்துருங்க.”

பதினாலு பொட்டு

பத்து நாள் கழித்து, பயந்தது நடந்தது. மல்லிகா டீச்சர் அதே யுகுலேலேவோடு படியேறினார். இப்போது வலி இல்லையாம், எங்கே அழுத்தினாலும் கரகரப்பாம். முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார்.

அதிகமாகத் தேய்த்துவிட்டேன் போல என்று, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து வெள்ளைத் துண்டுக்கு அடியில் ஒரு அட்டை வைத்தேன். கரகரப்பு நிற்கவில்லை. இரண்டாவது அட்டை வைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. தற்செயலாக விரல் ஒரு கோட்டின்மேல் பட்டபோது சொரசொரவென்றது. கழுத்தில் கம்பெனியே வைத்த புள்ளிகள் உண்டு, இதுவும் அதுதான் என்று அத்தனை நேரம் நினைத்திருந்தேன். பார்த்தால் காய்ந்த சந்தனம். மேலே குங்குமம் வேறு. ஒவ்வொரு கோட்டிலும் ஒன்று.

என்ன டீச்சர் இது என்றேன். டீச்சர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: “புதுச் சாமானில்லைங்களா, நீங்க சரிபண்ணிக் குடுத்தப்பறம் பூச போட்டுட்டுத்தான் கொழந்தைங்களத் தொட விட்டேன். பதினாலு கொழந்தைங்க, ஆளுக்கொரு கோட்டுல ஒரு பொட்டு. யாரையும் விட முடியாதுங்கண்ணா, அழுவும்.”

தீர்ப்பு

ஈரத்துணியால் துடைத்தேன். கரகரப்பு போயே போய்விட்டது. அடியில் வைத்த இரண்டு அட்டைகளை எடுக்க நினைப்பதற்குள் முதலாளி எழுந்து வந்து, “இப்ப சொல்லும்மா, சரியா இல்லையா?” என்று கேட்டுவிட்டார். டீச்சர் வாசித்தார். விரல் லேசாக வலிக்கிறது என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் சத்தம் முன்பைவிடப் பெரிதாக வருகிறது, பிள்ளைகள் கத்தும்போது அதுதான் வேண்டும், ஒரு அட்டை போகட்டும், ஒன்று இருக்கட்டும் என்றார். அப்படியே செய்தேன். ஸ்கேலை எடுக்கவே இல்லை.

முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு, இந்தச் சாமானை இத்தோடு நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன் என்றார். டீச்சர் யுகுலேலேவைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: “நிறுத்தாதீங்க. அடுத்த மாசம் பக்கத்து சென்டர் டீச்சரும் வாங்கறாங்க. இந்த அண்ணன் இருக்கணும், வேற ஆளு வந்தா இந்தத் தப்பையெல்லாம் மறுபடியும் மொதல்லருந்து பண்ணுவாங்க.”

முதலாளி அடுத்த பெட்டியை என் பக்கம் தள்ளினார். சரியான உயரம் எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது என்றாலும், தவறான உயரங்கள் அத்தனையும் அத்துப்படி என்பதால் வேலை நிலைத்துவிட்டது.