மாமா சுருக்கிச் சொன்னது

இதை எழுத எத்தனையோ முறை பேனாவைத் திறந்து, திரும்ப மூடி வைத்திருக்கிறேன். அப்பா இருந்தவரை எழுதக் கூடாது என்றிருந்தேன். அவர் போன பிறகும் கை வரவில்லை. என் தாய்மாமாவைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். போன வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் நின்றபோது, இதில் குறையென்று ஒன்றுமில்லை, எழுது என்று மனசுக்குப் பட்டது. எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கு மேற்கே. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வெள்ளாமை பார்த்தார்கள். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே தம்பி. அவர் மதுரையில், கோச்சடைப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தார். இங்கிலீஷை அவர் படித்தது அடுப்படியில். அதனால் அவருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கொஞ்சத்தைக் குறிக்கிற வார்த்தைகள். சிட்டிகை உப்பு என்றால் பிஞ்ச். சொட்டு என்றால் ட்ராப். வில்லையாக அறுத்தால் ஸ்லைஸ். வாயை நனைத்துக்கொள்கிற அளவுக்குக் குடித்தால் சிப். இதில் எதிலும் அடங்காதது லிட்டில். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுப்பார்.

பெரியப்பாவுக்கு அவரைச் சீண்டாமல் இருக்க முடியாது. "ஏன் மாப்ள, அவுக ஊர்ல எதுவுமே நெறையக் கெடைக்காதா? கொஞ்சத்துக்கு இம்புட்டு வார்த்தை வச்சிருக்காய்ங்க" என்பார்.

"நெறையங்கிறதுக்கும் வார்த்தை இருக்கு பெரிய மச்சான். எனக்குத்தான் அது தேவைப்படல" என்று மாமா சிரிப்பார்.

இன்னொரு வித்தையும் அவரிடம் உண்டு. துரைசாணி விருந்துக்கு என்னென்ன வேண்டுமென்று விடாமல் பேசிக்கொண்டே போவாராம். மாமா அடுப்படிக்குள் வந்து, "சூப்புல உப்பு கம்மி, கறி வேகணும்" என்று முடித்துவிடுவாராம். இப்படிச் சுருக்கிச் சொல்வதற்கு அவர் வைத்த பெயர் ஷார்ட். துரையே தன்னை மெச்சியதாகச் சொல்வார். எனக்கு அவர் பெரிய பண்டிதராகத் தெரிந்தார்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. நாட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. மாமா வந்து சண்டை போட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அம்மா நாராகக் கிடந்தாள். வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, பார்லித் தண்ணீர் மட்டும், அதுவும் சிப் சிப்பாக. பங்களாவில் சொல்லிவிட்டு வந்து மாமாதான் கரண்டியால் ஊட்டினார்.

ஒரு நாள் விடியும்போது அம்மா கண்ணே திறக்கவில்லை. சேதி போய், பெரியப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான். இனி தேறாது என்று தெரிந்துவிட்டால், உசிர் சொந்த வீட்டில் பிரிய வேண்டும், அன்னியக் கூரைக்கடியில் போகக் கூடாது என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. அம்மா வீட்டுக்கு வரப்போகிறாள் என்று வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. கப்பலிறங்கி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, தமிழ் வராது. நர்சம்மா தமிழ்க்காரி, அவர்தான் எப்போதும் தமிழில் சொல்லுவார். அன்றைக்கு மாமா முந்திக்கொண்டு முன்னால் போய் நின்றார். டாக்டரம்மா நெடுநேரம் பேசினார். அம்மாவின் வயிற்றைக் காட்டினார், தலையை ஆட்டினார், வெளியே நின்ற வண்டியைக் காட்டினார். லிட்டில் என்று நடுவில் வந்தது மட்டும் எனக்குப் புரிந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"என்ன மாப்ள சொல்றாக? நேரா சொல்லு. கொண்டு போயிரவா?" என்றார் அப்பா.

"அசைக்கக் கூடாதாம் மச்சான். தண்ணிய சிப்பு சிப்பா குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். கொஞ்சம் கொஞ்சமாத் தேறும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டு நேரம் பேசுனதுக்கு இம்புட்டுத்தானா?" என்றார் பெரியப்பா.

"இங்கிலீஷ் அப்படித்தான் பெரிய மச்சான். பேச்சு நீளும், விசயம் லிட்டிலாத்தான் இருக்கும்."

நர்சம்மா வாயைத் திறந்தார். "இல்லண்ணே, அவங்க சொன்னது…"

"நான் சொல்லிட்டேன்க்கா" என்றார் மாமா. அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நர்சம்மா அம்மாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

"நர்சம்மாவப் பேச விடுறானா பாரு. எல்லாம் இங்கிலீசுப் பெருமை" என்று பெரியப்பா முனகிக்கொண்டே போய் மாட்டை அவிழ்த்துக் கட்டினார். எனக்கும் கோபம். அம்மாவை வீட்டுக்கு விடாமல் செய்துவிட்டாரே என்று அன்று முழுக்க மாமாவோடு பேசவில்லை. அவர் குழாயடியில் அந்த ஒற்றைக் கரண்டியை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார். பார்லி ஒட்டியிருக்கும் போல என்று நினைத்தேன்.

மீனாட்சி கைவிடவில்லை. காய்ச்சல் இறங்கியது. அம்மா நடந்தே வீட்டுக்குள் வந்தாள். பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள்.

யுத்த காலத்தில் என் தலைப்பிரசவம் அதே ஆஸ்பத்திரியில். அந்த நர்சம்மாவே இருந்தார். ஊர்ப் பேரைக் கேட்டதும் கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த நிலைமையைச் சொன்னார். குடலில் ரத்தம் கசிகிறது, பிழைக்க வழி ரொம்பக் கொஞ்சம், சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புங்கள், வண்டியில் ஏற்றினால் வழியிலேயே முடிந்துவிடும். டாக்டரம்மா சொன்னது இதுதான்.

குழந்தையைப் பார்க்க மாமா வந்தபோது கேட்டேன். ஏன் முழுசாகச் சொல்லவில்லை என்று.

"முழுசாச் சொல்லியிருந்தா, தேறாதுன்னு வண்டியில ஏத்தியிருப்பாக. ரோட்டுலயே உசிரு போயிருக்கும் ஆத்தா. அசைக்கக் கூடாதுன்னு சொன்னேன், சிப்பு சிப்பா தண்ணி குடுக்கணும்னு சொன்னேன். எங்க அக்காவுக்கு வேண்டியது அம்புட்டுத்தானே."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஏதாவது ஆகியிருந்தால் சாகும்வரை எங்கள் வீட்டு வாசலை மிதித்திருக்க முடியாது அவர். அப்பா, பெரியப்பா, நான், எல்லோரும் சேர்ந்து அவரைக் கொலைகாரன் என்றிருப்போம். அது தெரிந்தேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எட்டு வயசில் அதைப் பெருமையடிப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் வண்டி, வைக்கோல், நர்சம்மா எல்லாவற்றையும் சேர்த்து இருக்கிறபடியே சொல்லுங்கள். இந்த ஒன்றைச் சுருக்கக் கூடாது. சுருக்கினால், மச்சினன் பொய் சொன்னான் என்பதுதான் மிஞ்சும்.