மூன்று வயர்களும் அழகுமலையின் கையும்

நரிப்பாறை எஸ்டேட்டில் அழகுமலையின் கைக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி மாரித்தாய். இன்னொருவர் ஹெட் கிளார்க் யக்ஞநாராயணன். மாரித்தாய் பயப்படாததற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான முதல் வருஷம், குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அவன் கையை ஓங்கியபோது, அவள் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றுவிட்டாள். விரல் தடிமன் கிளையை ஒரே வெட்டில் எடுக்கும் கத்தி அது. அன்று இறங்கிய கை அவள் மேல் மறுபடி ஏறவில்லை. ஹெட் கிளார்க் பயப்படாததற்குக் காரணம் வேறு. அவர் கண்ணுக்கு அது அடிக்கிற கையாகத் தெரிந்ததே இல்லை. ஈயம் பற்றவைக்கிற கை என்றுதான் நினைத்திருந்தார்.

மற்றவர்கள் பயந்ததில் தப்பில்லை. அழகுமலை டீ பாக்டரியில் வயர்மேன். ஆள் குட்டை, மணிக்கட்டு மட்டும் உலக்கைப் பூண் மாதிரி இருக்கும். எழுபத்தொன்றில் ரேஷன் வரிசையில் தன்னைத் தள்ளிவிட்ட சோலை என்பவனின் தாடையை ஒரே குத்தில் பெயர்த்துவிட்டான். சோலை இரண்டு மாதம் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தான். இவன் பதினொரு நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தான். வந்தவனை மேனேஜர் துரை நிற்கவைத்துச் சொன்னார்: இன்னொரு தரம் எவன் மேலாவது கை பட்டால் பேர் வெட்டு. எஸ்டேட்டில் பேர் வெட்டு என்றால் வேலை மட்டும் போகாது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடும் போகும், கொழுந்து கிள்ளுகிற பெண்டாட்டியின் பேரும் சேர்ந்து போகும். அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறிய குடும்பம் அது. கீழே ஒரு ஓலைக் கூரைகூட அவர்களுக்கு மிச்சமில்லை.

மாரித்தாய் அவனை நேரே எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தி, அதை அவனே அமுக்கி அணைத்துச் சத்தியம் செய்யவைத்தாள். "எவன் என்ன செஞ்சாலும் கை நீட்ட மாட்டேன்னு சொல்லுங்க." சொன்னான். கை கொப்பளித்தது. அதற்குப் பிறகு கோபம் தலைக்கேறும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோத்துப் பூட்டிக்கொள்வான். மூன்று வருஷம் அந்தப் பூட்டுத் திறக்கவில்லை. வேண்டுமென்றே சீண்டிப் பார்த்த நாய்களும் உண்டு. அவர்கள் முன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஹெட் கிளார்க் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மனிதர் கெட்டவரில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆபீஸ் ஜீப்பை அனுப்பிவைப்பார், லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் சங்கீதம் என்று வந்துவிட்டால் மனிதர் வேறாகிவிடுவார். நல்ல ரசிகர்கள் செய்த அக்கிரமங்களை யாரும் எழுதிவைத்ததில்லை, எழுதினால் தடித்த புத்தகம் ஆகும். அவருடைய குவார்ட்டர்ஸில் ரெக்கார்ட் பிளேயர், வால்வு போட்ட ஆம்ப்ளிபயர், இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் இருந்தன. கல்பாத்தியில் அமிர்தமாகப் பாடிய அந்த செட், மலைக்கு வந்ததிலிருந்து மங்கிப்போய்விட்டதென்று அவருக்கு ஆறாத மனக்குறை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து நாலரையிலிருந்து ஐந்தரை வரை கேட்பார், முகத்தைச் சுளிப்பார், நிறுத்திவிட்டுச் சந்தியாவந்தனத்துக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்குப் போய்விடுவதால் செட்டைத் தொடுவதில்லை.

அப்போதுதான் கல்பாத்தியிலிருந்து அவர் மைத்துனன் சுந்தரேசன் கடிதம் போட்டான். செட்டோடு கொடுக்கிற கரண்ட் வயர் வெறும் குப்பை, வழி குறுகலாக இருந்தால் பாட்டு எப்படி முழுதாக வரும், நல்ல வயராக மாற்றினால் செட்டே புதிதாகிவிடும் என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தான். கூடவே இரண்டு வயர்களும் பார்சலில் வந்தன. ஒன்று கோயமுத்தூர்க் கடையில் வாங்கிய கட்டை விரல் தடிமனுள்ள கறுப்பு ரப்பர் வயர். இன்னொன்று கொச்சியில் உடைத்த ஏதோ கப்பலிலிருந்து எடுத்தது, சாம்பல் நிறத்தில் நூல் பின்னிய உறை போட்டது.

அழகுமலைக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. பெரிய மோட்டாருக்குத் தடித்த வயர் போடுவது அவன் தினமும் செய்கிற வேலைதானே.

மூன்று வயரையும் போட்டுப் பார்ப்பதென்று முடிவானது. ஆனால் ஒரே நாளில் வேண்டாம் என்றார் ஹெட் கிளார்க். இரண்டு காபியை அடுத்தடுத்துக் குடித்தால் எது நல்ல காபி என்று நாக்குக்குத் தெரியாதாம், காதும் அப்படித்தானாம். ஒரு நாளைக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை செட்டோடு வந்த பழைய முறுக்கு வயர். சனிக்கிழமை கறுப்பு ரப்பர். ஞாயிற்றுக்கிழமை கப்பல் வயர். சனியும் ஞாயிறும் அழகுமலை பெட்டியைத் திறந்து, இருந்ததைக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். அவர் ஒரே ரெக்கார்டைப் போட்டு, பக்கத்தில் சுருதிப் பெட்டியை அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். வெள்ளிக்கிழமை பாட்டு சுருதிப் பெட்டிக்கு அரைக் கட்டை கீழே கிடந்தது. சனிக்கிழமையும் அதே கதை.

ஞாயிற்றுக்கிழமை ஊசி இறங்கியதும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குரல் சுருதிப் பெட்டியோடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"கேட்டயோ அழகுமலை! இதாக்கும் பாட்டு. கல்பாத்தியில கேட்ட அதே குரல். இந்த வயர்தான், சம்சயமே இல்லை."

"கேக்கத் தெளிவாத்தான் இருக்குங்க சாமி" என்றான் அழகுமலை. தன் கையால் வைத்த ஈயம் என்று அவனுக்கும் பெருமை.

இரண்டு முட்டாள்களுக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. பள்ளிவாசல் என்ற ஊரின் மின் நிலையத்தில் எடுக்கிற கரண்ட் எங்கெங்கோ போனது, நரிப்பாறைக்கு வரவில்லை. எஸ்டேட்டுக்குச் சொந்தமாக ஓடைத் தண்ணீரில் சுழலும் ஒரு சின்ன டர்பைன்தான் பாக்டரிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் கரண்ட் கொடுத்தது. பாக்டரியில் இலை உருட்டும் ரோலர்கள் ஓடும்போது டர்பைன் திணறி வேகம் குறையும். அந்தக் கரண்டில் சுற்றுகிற ரெக்கார்டும் மெதுவாகிச் சுருதி இறங்கும். திங்கள் முதல் சனி வரை இரண்டு ஷிப்ட். ஞாயிறு பாக்டரிக்கு லீவு. ரோலர் சுவிட்சைத் தினமும் தன் கையாலேயே போட்டு, பல்பு மங்குவதைத் தினமும் பார்க்கிற அழகுமலைக்குக்கூட, பாட்டும் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகிறது என்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை அவர் ஆபீஸில் இருந்தபோது, அவர் சொன்னபடியே அழகுமலை வந்து வயர் முனையில் புது பிளக் மாட்டிவிட்டுப் போனான். நாலு பேரைக் கூட்டிவைத்துத்தான் இனிக் கேட்பதென்று அவர் இரண்டு நாள் செட்டைப் போடவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர் பாக்டரி அதிகாரியான டீ மேக்கரையும் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரையும் பாட்டுக் கேட்கக் கூப்பிட்டார். வயரைத் தடவிக் காட்டி அரை மணி நேரம் பேசிவிட்டு ஊசியை வைத்தார். பாட்டு அரைக் கட்டை கீழே வந்து விழுந்தது.

"என்ன சாமி, பாகவதருக்கு ஜலதோஷமா?" என்றார் கம்பவுண்டர். டீ மேக்கர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டியது.

அவர்கள் போன பிறகு அவர் யோசித்த யோசனை ஒரே வழியில் போனது. ஞாயிறு பாடிய வயர் புதன் பாடவில்லை. நடுவில் அதைத் தொட்டவன் ஒருவன்தான். உறையை விட்டுவிட்டு உள்ளே இருந்த நல்ல செம்பை உருவி, ஏதோ மட்டக் கம்பியைச் சொருகிவிட்டான். போன மாதம்தான் டர்பைன் இருக்கும் எஸ்டேட் பவர் ஹவுஸிலிருந்து ஒரு சுருள் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. அதற்காக வாட்ச்மேன்களின் தலைவன் பெரியமுத்துவை துரை நாய் மாதிரி திட்டியிருந்தார். ஹெட் கிளார்க் பெரியமுத்துவைக் கூப்பிட்டு, "அந்த அழகுமலையக் கொஞ்சம் விசாரி" என்று மட்டும்தான் சொன்னார். விசாரிப்பு என்றால் எஸ்டேட்டில் என்னவென்று அவருக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்!

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பெரியமுத்துவும் மூன்று வாட்ச்மேன்களும் அழகுமலையைக் குவார்ட்டர்ஸ் முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். ஹெட் கிளார்க் அன்று சந்தியாவந்தனத்துக்குப் போகவில்லை. ரெக்கார்டைப் போட்டு, "நீயே கேளுடா, சுருதி எங்க கிடக்குன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து சுருதிப் பெட்டியை அழுத்த ஆரம்பித்தார்.

"சாமி, மாரியம்மன் சத்தியமா நான் எடுக்கல. பெட்டியத் தொறந்து பாருங்க, அதே வயருதான்."

"செம்ப எங்கல வச்சிருக்க?" என்று பெரியமுத்து மூக்கில் குத்தினான். ரத்தம் வாய்க்குள் இறங்கியது. அழகுமலை கையைப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோத்துக்கொண்டான்.

படியில் கழற்றிப் போட்ட இரண்டு வயர்களும் கிடந்தன. பெரியமுத்து கறுப்பு ரப்பர் வயரை எடுத்து இரண்டாக மடித்தான். முதல் அடி தோளில் விழுந்தது. ரப்பர் வயர் அறுக்காது, எலும்புவரை இறங்கிக் கனக்கும், அடுத்த மூச்சை எடுக்க விடாது. பத்துப் பன்னிரண்டு அடிக்குப் பிறகு பெரியமுத்துவுக்குக் கை வலித்தது. மெல்லிசான பழைய முறுக்கு வயரை எடுத்தான். அது கோடு கோடாகக் கிழித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வயருக்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளே இருந்த ரசிகரைவிட அழகுமலையின் முதுகு நன்றாகச் சொல்லியிருக்கும்.

அவன் நினைத்திருந்தால் அந்த நாலு பேரையும் படியிலேயே படுக்கப் போட்டிருக்கலாம். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அடி விழும்போதும் இரண்டு பேர் எட்டியே நின்றார்கள். அவனோ லயத்து வீட்டையும், கூடையோடு மலைச்சரிவில் நிற்கும் மாரித்தாயையும் மட்டும் நினைத்துக்கொண்டு விரல்களை இறுக்கினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலி பாதி, திருப்பி அடிக்க முடியாத வெறி பாதி.

"கையில என்னல மறைக்க? தொறல கைய!"

"ஒண்ணுமில்ல. அடிக்கணும்னா அடி. கைய விட மாட்டேன்."

செம்பு அதற்குள்தான் இருக்கிறதென்று பெரியமுத்து முடிவு கட்டிவிட்டான். இரண்டு பேர் அழகுமலையைக் குப்புறத் தள்ளி முட்டியால் அமுக்கினார்கள். பெரியமுத்து கோத்த விரல்களுக்கு நடுவே தடியை விட்டு நெம்பினான். வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அழகுமலை மண்ணைக் கடித்துக்கொண்டு கத்தினான். திறந்த கையில் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் ஆறு மணிச் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும்போது ரோலர்களைக் கால் மணி நேரம் நிறுத்தி பெல்ட்டைச் சரிபார்ப்பது பாக்டரி வழக்கம். ரோலர் இரைச்சல் அடங்கியது. வாசல் பல்பு பளிச்சென்று எரிந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு மெல்ல மேலே ஏறிச் சுருதிப் பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்டது.

மண்ணில் கிடந்த அழகுமலை பல்பைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் சுவிட்ச் போட்டவன் அல்லவா.

ஹெட் கிளார்க் வேட்டி தடுக்க ஓடி வந்தார். "நிறுத்துங்கோ! விடுங்கோ அவன! வயர் இல்லை, பாக்டரியாக்கும்! ரோலர் ஓடறச்சே சுருதி இறங்கறது!"

பெரியமுத்து தடியைக் கீழே போட்டான். வாட்ச்மேன்கள் விலகினார்கள். அழகுமலை தானாகவே எழுந்து நின்றான். அவன் திருடன் இல்லை என்று நாலு பேர் முன்னால் தெரிந்துவிட்டது. வேலை பிழைத்தது, வீடு பிழைத்தது. இனி லயத்துக்கு நடந்துபோய் விரலைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஹெட் கிளார்க்கின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் முகத்து ரத்தத்தை அவர் பார்த்தாரோ இல்லையோ, கிட்ட வந்து அவன் தோளில் கை வைத்தார், ரப்பர் வயர் பட்ட அதே தோளில்.

"அழகுமலை, அப்போ நாம செஞ்சது எல்லாமே தப்பாக்கும். மூணு வயரையும் ஞாயித்துக்கிழமையே போட்டுப் பாத்திருக்கணும். வர ஞாயித்துக்கிழமை காலம்பர வந்துடு. மூணையும் முதல்லேர்ந்து பாத்துடலாம்."

அழகுமலை தன் வலது கையைப் பார்த்தான். இரண்டு விரல்கள் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தன. பிறகு இடது கையால் அவரை ஒரு அறை அறைந்தான்.

ஒரே அறைதான். மூக்குக் கண்ணாடி வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அவர் படியில் மோதிச் சரிந்தார், வலது காதிலிருந்து ரத்தம் வந்தது. உள்ளே பாட்டு சுத்தமான சுருதியில் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை என்று சொல்வார்கள். பெரியமுத்துவும் ஆட்களும் மறுபடி பாய்ந்தார்கள். அழகுமலை இந்த முறை கையைப் பின்னால் கட்டவில்லை. ஒரு வாட்ச்மேனுக்கு முன்பல் போனது, பெரியமுத்துவுக்கு விலா ஒடிந்தது.

மறுநாள் காலை ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும்போது அவன் பேரும் இல்லை, மாரித்தாயின் பேரும் இல்லை. உத்தரவுக் காகிதத்தில் திருட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கை நீட்டியதற்கு மட்டும்தான் தண்டனை.

இரண்டு பாத்திரம், ஒரு மூட்டை, கவ்வாத்துக் கத்தி. சூரியநெல்லி வழியாக, கீழ்நாட்டுக்கு இறங்கும் கணவாயான போடிமெட்டுக்கு நடந்தார்கள். மெட்டில் ஒரு பாறை மேல் உட்காரவைத்து, மாரித்தாய் மூங்கில் சில்லை வைத்து அவன் விரல்களைச் சேலைக் கிழிசலால் கட்டினாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டப்போகிறாள் என்று அழகுமலை தலையைக் குனிந்துகொண்டிருந்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவனுக்கு.

அவள் கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். அப்புறம்தான் அழுதாள்.

"அடிக்கத்தான் போறீகன்னா மொத அடிக்கே திருப்பி அடிச்சிருக்கலாம்ல. இந்த ரெண்டு வெரலாவது மிஞ்சிருக்கும்."