கோமாவில் படுத்த மாமியார்

நாடு முழுக்க அவரை மாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிள்ளை இல்லை, குட்டி இல்லை, ஆனால் பதினான்கு வருடத்தில் ஐந்து மருமகள்கள். சீரியலில் மருமகள் ஒருத்திதான். நடிக்க வந்த பெண்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்தி சினிமாவுக்குப் போனாள், ஒருத்தி கோபித்துக்கொண்டு போனாள். மாமியார் மட்டும் அசையவில்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு டிவியில் வந்து நின்று, இடது புருவத்தை மட்டும் மேலே தூக்குவார். அதைப் பார்க்காமல் பெண்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போகமாட்டார்கள்.

அந்த சீரியலில் என் வேலை என்ன என்று கேட்பீர்கள். கேட்கமாட்டீர்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். காமிராவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவன் நான். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்று நம்பும் நல்லவர்களே, அப்படி ஒருவரும் வருவதில்லை. வரவும் முடியாது. மதியம் ஒளிபரப்பாக வேண்டியதைக் காலையில்தான் எடுத்துக்கொண்டிருப்போம். வசனம் எழுதுகிறவர் பல் தேய்த்துக்கொண்டே போனில் பக்கம் பக்கமாக அனுப்புவார். நான் ஒரு வரியை மெல்லச் சொல்வேன், அவர்கள் அதை உரக்கச் சொல்லி அழுவார்கள். பிறகு ஒலிக்காரர் என் குரலை மட்டும் வெட்டி எறிந்துவிடுவார். எல்லார் வாயிலும் பேசியது நான்தான் என்றால் என் பெண்டாட்டியே நம்பமாட்டேன் என்கிறாள்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல். (செட்டில் நான் மட்டும்தான் மாமியாரை அக்கா என்பேன்.) அப்போது அவருக்கு ஒரு துணிக்கடையில் வேலை. சீரியலுக்கான உடைகளைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். மாமியாராக நடிக்கவேண்டிய அம்மாள் அன்று வரவில்லை. இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். உடை இவருக்குச் சரியாக இருக்கும்போலத் தெரிந்தது. அவ்வளவுதான், தகுதி பார்த்து முடித்தாயிற்று. நிற்க வைத்து "ஆக்‌ஷன்!" என்று கத்தினார். அக்காவின் இடது புருவம் விருட்டென்று மேலே போயிற்று.

"யப்பா! என்னா திமிரு பாருய்யா அந்தக் கண்ணுல!" என்று அசந்துபோனார் இயக்குநர்.

திமிராவது மண்ணாவது! சின்ன வயதில் ஜன்னல் கதவு இடித்து அந்தப் புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். அன்றுமுதல், பயம் வந்தால் அது தானாக மேலே ஏறும். இயக்குநர் கத்தும்போதெல்லாம் அக்கா நடுங்கினார், அக்காவைப் பார்த்து நாடு நடுங்கியது.

அந்தப் பயத்தில் எது தன் வரி, எது அடுத்தவர் வரி என்றே அவருக்குத் தெரியவில்லை. அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னால் அது அக்காவின் வரி. செருமாமல் சொன்னால் மற்றவர்களுடையது. நாளாக ஆக, நான் செருமினால் அக்காவின் வாய் தானாகத் திறக்கும் அளவுக்கு அது ஊறிவிட்டது. ஒருமுறை விருது வாங்கப் போனார். மேடையில் பேச வேண்டுமே! திரைக்குப் பின்னால் நான் நின்றேன். செருமினேன், "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அழகாகச் சொன்னார். மறுபடி செருமினேன். அந்த நேரம் பார்த்து ஒரு விளக்குக்காரர் என் காலை மிதித்துத் தொலைத்தார்.

"யோவ், கால எடுய்யா!" என்றேன்.

மாமியார் புருவத்தைத் தூக்கி, மைக்கில் கணீரென்று அதையே சொன்னார். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் காலைக் கீழே இறக்கினார்கள்.

வெளியில் புலி, வீட்டில் எலி. அக்கா தன் அண்ணன் வீட்டில் இருந்தார். சீரியலுக்கு வருவதற்கு முன்னால், கடை வேலை போக, அந்த வீட்டில் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவர் தலையில்தான். படுக்கை சமையலறை ஓரத்தில். டிவியில் முகம் வந்தபிறகு அண்ணிக்கு அக்கம்பக்கத்துப் பேச்சு பயம் வந்துவிட்டது. நாடே நடுங்கும் மாமியாரைப் பாத்திரம் தேய்க்க விட்டால் ஊர் என்ன சொல்லும்? வீட்டு வேலைக்கு ஒரு பெண்மணியை வைத்தாள், மாடியில் ஜன்னல் உள்ள அறையைக் கொடுத்தாள். சம்பளம் முழுக்க அண்ணியின் கைக்குத்தான் போனது, அது வேறு விஷயம். அக்கா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு அந்த ஜன்னல் போதும். செட்டில் ஓய்வு கிடைத்தால் அந்த ஜன்னலைப் பற்றியே என்னிடம் பேசுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் பார்வையாளர்கள் குறைந்துபோனார்கள். சேனலிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மாமியாரைப் பார்த்து மக்களுக்கு அலுத்துவிட்டதாம். மாமியாரைக் கோமாவில் படுக்கவைத்து, சில வாரம் இழுத்து, ஒரு வெள்ளிக்கிழமை சாகடித்துவிட்டு, மருமகளை வைத்துக் கதையை ஓட்டவேண்டுமாம். அக்கா படுத்தார். எங்கள் ஆஸ்பத்திரி என்பது ஒரு கட்டில், ஒரு திரை, குழாய்த் தண்ணீர் ஊற்றிய ஒரு குளுக்கோஸ் பாட்டில். படுத்தவர் தினமும் நிஜமாகவே தூங்கிவிடுவார். குறட்டையை வெட்டி எறிவது ஒலிக்காரருக்குப் புது வேலையாயிற்று.

சாவு வாரத்தின் திங்கட்கிழமை அக்கா என் முக்காலி பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, வேலைக்கு வர்ற அம்மாவ அடுத்த வாரத்துலேருந்து வரவேணாம்னு அண்ணி சொல்லிட்டாங்க."

"ஏங்க்கா?"

"அதான் நான் வீட்டுல சும்மா இருக்கப்போறேனே. மாடி ரூமுல பழைய சாமான் போடப்போறாங்களாம்."

ஆள் சாவதற்கு முன்னாலேயே அறையைக் காலி செய்கிறாள், மகராசி! "இயக்குநர்கிட்ட போய்க் கேளுங்கக்கா" என்றேன்.

"நீ எடுத்துக் குடு, கேக்குறேன்."

இருவரும் போனோம். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று செருமி, "என்னைச் சாகடிக்காதீங்க சார்" என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் என்மேல் பாய்ந்தார்.

"யோவ், நீ என்னய்யா பின்னாடி நின்னு முனகுற? அவங்களுக்கு வாய் இல்லையா? வெளிய போய்யா!"

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தனியாக நின்ற அக்காவுக்கு வார்த்தை வரவில்லை. பயம்தான் வந்தது. புருவம் மேலே போயிற்று.

"என்னையே முறைக்கிறீங்களா? வெள்ளிக்கிழமை சாவுதான்! மாத்தமே கிடையாது!" என்று கத்தினார் இயக்குநர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அக்காவுக்கு இருந்த ஒரே வாய் நான். என்னையும் வெளியே துரத்திவிட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. எனக்குச் சளி. இதை இயக்குநரிடமும் சொன்னேன், தயாரிப்பாளரிடமும் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். அன்றைய காட்சி இதுதான்: கோமாவில் கிடக்கும் மாமியாரின் காதருகே ஐந்தாவது மருமகள் குனிந்து சவால் விடவேண்டும். வசனம் வந்து சேரவே மதியம் நெருங்கிவிட்டது. அக்காவின் குறட்டை சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மருமகள் குனிந்தாள். காமிரா ஓடியது. நான் தொண்டையைச் செருமினேன். சளி! செருமிவிட்டு, மருமகளின் வரியைச் சொன்னேன்.

மாமியார் கண்ணைத் திறந்தார்.

"இந்த வீட்டுச் சாவி இனிமே என் கையிலதான்! வெளிய போறது யாருன்னு பாத்துடலாம்!"

மருமகள் போட்ட அலறலில் விளக்குக்காரர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். குளுக்கோஸ் பாட்டிலைத் தட்டிவிட்டு ஓடிய பெண், பக்கத்து செட்டான போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, லாக்கப்பில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் போய்க் கெஞ்சினோம். "அந்தம்மா படுத்திருக்கிற பக்கம் நான் வரவே மாட்டேன்!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இயக்குநர் என் சட்டையைப் பிடித்தார், விட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். ஒளிபரப்புக்கு நேரமாகிவிட்டது. கையில் இருந்தது அந்த ஒரு காட்சிதான். ஒலிக்காரர் வழக்கம்போல என்னை வெட்டி எறிந்தார், செருமலையும் சேர்த்து. அப்படியே போட்டார்கள்.

அதற்கப்புறம் சேனல் போன் ஓயவில்லை. மாமியார் எழுந்துவிட்டார் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அலுத்துவிட்டது என்று சொன்ன அதே அதிகாரி சாயங்காலம் எங்கள் இயக்குநரைக் கூப்பிட்டார்.

"பிரமாதம் சார்! கோமாலேருந்து எழுப்பினது யாரு ஐடியா?"

"என்னோடதுதான் சார்" என்றார் இயக்குநர், கூசாமல்.

அக்காவின் வீட்டில் அண்ணி டிவி முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வெளியே போவது யாரென்று பார்த்துவிடலாம் என்று மாமியார் நேராகத் தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே அவளுக்குப் பட்டிருக்கிறது. கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டவள், முதல் வேலையாக வேலைக்கு வரும் அம்மாவைக் கூப்பிட்டு, "அடுத்த வாரமும் வழக்கம்போல வந்துடும்மா" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை காலை, சாகவேண்டிய அக்கா நடந்து வந்தார். நேராக என் முக்காலியின் முன்னால் நின்றார். ஏதோ சொல்ல வந்திருக்கிறார், வார்த்தை வேண்டும்போல என்று நினைத்து, நான் பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"சளி எப்படி இருக்கு தம்பி?"

"இன்னும்... இன்னும் இருக்குக்கா."

"ம். இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கும் நேத்து அந்தக் கட்டில்ல நல்ல தூக்கம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, நிஜமாகவே. எதையாவது பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, எனக்கு எடுத்துக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.