மேஸ்திரியின் மூன்று ஹெட்போன்கள்

நான் ஒலி எதையும் அனுப்பவில்லை. இருந்தாலும் என் முன்னால் இருந்த கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூடிய இரும்பு அறைக்குள், காதில் ஹெட்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மேஸ்திரி பொத்தானை அழுத்தியிருக்கிறார். அழுத்தினால் ‘எனக்குக் கேட்டது’ என்று அர்த்தம். கை தவறி அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். விளக்கு மறுபடியும் எரிந்தது. பிறகு இன்னொரு முறை. பகல் பதினோரு மணி, வெளியே வரிசையில் நிற்கிற ஆட்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குனிந்து என் கைகளைப் பார்த்தேன், இரண்டும் மடியில்தான் இருந்தன.

அப்போது நான் தொழிற்சாலை தொழிற்சாலையாக வேனில் போய்த் தொழிலாளர்களின் காதைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை. ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற என் அப்பாவுக்கு, பெண்பிள்ளை மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று சுற்றுவது பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது நான் கேட்கிற, டிரம்மும் கிதாரும் அதிர்கிற மெட்டல் இசை. "யாருக்குப் பேய் ஓட்டுதாம்?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் அவர் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார்.

வேனுக்குள் ஆளுயரத்துக்கு ஓர் அறை உண்டு. கனத்த கதவு, உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அங்கேயே செத்துவிடும். ஹெட்போனில் சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலப் பக்கம் இடது காதுக்கு. நான் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு பீப் சத்தமாக அனுப்புவேன், கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை. ஆனால் தடித்தடியான ஆண்பிள்ளைகள் அந்த அறையைக் கண்டு பயந்ததைப் பார்த்திருக்கிறேன். திருவொற்றியூரில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஓர் ஆலையில், முதல் நாளே ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "உள்ளயும் ஹேமரு அடிக்குதும்மா, நிறுத்தச் சொல்லு," என்றார். அது டீ நேரம். ஹேமர் என்று அவர்கள் சொல்கிற ராட்சதச் சம்மட்டி இயந்திரம் நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. நான் அதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை.

அந்த ஆலையின் ஹேமர் ஷாப்புக்குத்தான் மேஸ்திரி பொறுப்பு. அங்கே பேச்சுக்கு வேலையில்லை. மேஸ்திரி கையைத் தூக்கி இறக்குவார், ஹேமர் விழும். பழுத்த இரும்பு எத்தனை அடி தாங்கும், அடுத்த அடி எப்போது விழ வேண்டும் என்பது அவர் கையில்தான் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அதே இடம். அவர் ஆட்களுடைய சோதனைத் தாளில் எல்லாம், மெல்லிய கூர்மையான ஒலிகள் வருகிற பகுதியில் கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும். ஹேமர் காதைத் தின்கிற இடம் அது. மேஸ்திரியின் கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. எனக்கு ஆச்சரியமும் சந்தோஷமும் தாங்கவில்லை. ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோடு விழுந்தவர்களை ஷாப்பிலிருந்து எடுத்து ஸ்டோருக்கோ வாசல் காவலுக்கோ அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரிக்கு அந்தக் கவலை தீர்ந்தது. தாளை லேமினேட் செய்து ஹேமர் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். காதில் பஞ்சு வைக்கச் சொன்ன சேஃப்டி ஆபீசரிடம் அதைத்தான் காட்டினாராம்.

அன்றைக்கே என் கழுத்தில் கிடந்த ஹெட்போனைப் பார்த்து, "இன்னாமா கேட்டுகினு கீறே?" என்றார். நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு பாட்டை முழுக்கக் கேட்டார். கப்பலில் வேலை பார்த்த மச்சான் ஒருத்தர் முன்பு கொண்டுவந்த கேசட்டுகளில் கேட்டுப் பழகினவராம். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரத்து வீட்டில், தெருவே குத்துப்பாட்டு கேட்டபோது இவர் மட்டும் இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் இது பிடித்தது என்று கேட்டேன். "இதுவும் நம்ம ஷாப்பு மாரிதான். ஆனா இதுல அடி கரீக்ட்டா வுழும்மா. எவன் கையும் நசுங்காது," என்றார். மெட்டலைப் பற்றி அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

போனில் கேட்க நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் வகையறாவுக்கு ஹெட்போன் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் பேஸை, அந்தத் தடித்த அடித்தொனியைத்தான் போட்டு மண்டையை அதிர வைப்பார்கள். சினிமாப் பாட்டுக்கு அது போதும். மெட்டலில் டிரம்மர் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி உதைப்பான், அதன்மேல் இரண்டு கிதார் ஓடும். பேஸ் தளும்பினால் எல்லாம் சேர்ந்து களி கிண்டினதுபோல ஆகிவிடும். நான் எப்போதும் சிம்பலைத்தான் பார்ப்பேன். அடி வாங்கின பித்தளைத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிற அந்தக் கடைசி இழை தனியாகக் காதில் விழுந்தால் அந்த செட் தேறியது. இதையெல்லாம் அவரிடம் பெரிய மேதாவியாகச் சொல்லி, காதை முழுக்க மூடுகிற, வயர் வைத்த ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டிரம்மு சூப்பரா கீதும்மா. ஆனா சிம்பல் எங்க? கேசட்டுல கேட்டது ஒண்ணத்தையும் காணோம்."

அடுத்த வருடச் சோதனையிலும் அவர் கோடு நேர். அந்த வருடம் மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிற இன்னொரு செட் வாங்கினோம். அதிலும் சிம்பல் இல்லை என்றார். துணி போர்த்தினதுபோல இருக்கிறது என்றார். மூன்றாவது வருடமும் நார்மல். மூன்றாவதாக வாங்கினது, பின்பக்கம் மூடாமல் வலை மட்டும் போட்டது. கூர்மை அதிகம், காதைக் குத்துகிறது என்று வாங்கினவர்கள் எல்லாம் திட்டியிருந்தார்கள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். சில நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "வூட்ல என் சம்சாரம் ஒரே பேஜாருமா. நான் ரூமுல பாட்டு கேட்டா சமையக்கட்டு வரிக்கும் சிஸ்ஸு சிஸ்ஸுனு கேக்குதாம். மாட்டிகினு கீற எனக்குக் கேக்கல, அதுக்குக் கேக்குதாம்!" நானும் சேர்ந்து சிரித்தேன். காதைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள், அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

நான்காவது வருடம் அந்த செட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். "நீயே கேட்டுப் பாரும்மா, உனுக்கே தெரியும்," என்று அவர் எப்போதும் வைக்கிற சத்தத்திலேயே வைத்துக் கொடுத்தார். மாட்டினேன். இரண்டு காதிலும் ஊசி இறக்கினதுபோல இருந்தது. மூன்று நொடிகூடத் தாங்காமல் பிடுங்கி எறிந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேஸ்திரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குறையைக் கண்டுபிடித்துவிட்டேனா என்று ஆவலாக நின்றார். ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சத்தத்தில் சிம்பல் கேட்காத மனிதருக்கு அந்தப் பகுதியில் காதே இல்லை. அப்படியானால் மூன்று வருடமாக அறைக்குள் உட்கார்ந்து, நான் அனுப்பிய மெல்லிய பீப் ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தினது யார்? மடத்தனமான கேள்விதான். ஆனால் அந்த நிமிடம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"முதல்ல டெஸ்ட்டை முடிச்சிருவோம்ணே," என்று அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். கனத்த ஒலிகளை வழக்கம்போல அனுப்பினேன், அழுத்தினார். அதன்பிறகு ஒன்றையும் அனுப்பாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த விளக்கு எரிந்தது. எரிந்து, அணைந்து, ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி எரிந்தது. அவர் முகத்தில் ஏமாற்றுகிறவரின் கள்ளத்தனம் துளியும் இல்லை. நல்ல பாட்டைக் கேட்கிறவர்போலத் தலையை லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். காலியான ஹெட்போனில் அவருக்கு எதுவோ கேட்கிறது. யாரையாவது கூப்பிடலாம் என்று எழுந்திருக்கப் போனவள், குனிந்து என் காலைப் பார்த்தேன்.

என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சோதனை கேம்ப் நாளில் ஆட்களுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் பாட்டுக் கேட்பேன். அது காலில் தங்கிவிடும். ஒலிகளை இடைவெளி மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். நானோ மூன்று வருடமாகக் காலைத் தட்டி, தாளத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறேன். வேனுக்குத் தரை இரும்பு. அறைக்குத் தரையும் அதே இரும்புதான். ஹேமர் அதிர்வைக் காலால் வாங்கியே வாழ்ந்த மனிதர் என் காலின் அதிர்வை வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது காதால் வந்ததா, காலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அவருக்கே தெரிந்திருக்காது. காலை நிறுத்தினேன். விளக்கு அதே இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எரிந்தது. பிறகு எரியவில்லை. மேஸ்திரி கண்ணைத் திறந்து, பாட்டை ஏன் நிறுத்தினாய் என்பதுபோலக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்மையான கோட்டைப் போட்டேன், பள்ளம் தாளின் அடிவரை போனது. முந்தைய மூன்று முடிவும் என் தவறால் வந்தவை என்றும் எழுதினேன். எழுத வேண்டாம் என்று எங்கள் ஆபீசில் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை, அடுத்த ஆண்டு ஆபீசில் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. மேஸ்திரியை டூல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். இந்தச் சேதம் சரியாகாது. முதல் வருடமே நான் கண்டுபிடித்திருந்தால், மீதி இருந்ததையாவது பஞ்சு வைத்துக் காப்பாற்றியிருக்கலாம். இன்று மாதவரத்தில் ஒரு செவித்திறன் மையத்தில் வேலை பார்க்கிறேன். நாற்காலியின் மேல் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டுதான் யாரையும் சோதிப்பேன். புதிதாக வந்த பெண் அதைப் பார்த்து, "மேடம், தியானமா?" என்று கிண்டல் பண்ணுவாள். பண்ணட்டும்.

அன்றைக்கு அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளத்தைக் காட்டினால் "மிஷினு கலீஜாயிட்ச்சு" என்றார். கேட்டது, எல்லாம் கேட்டது என்று சாதித்தார். கடைசியில் அவருடைய மூன்றாவது ஹெட்போனை என் போனில் செருகினேன். அந்த மாதம்தான் வெளிவந்திருந்த, அவர் அதுவரை கேட்டிராத பாட்டு ஒன்று இருந்தது. போன் செட்டிங்கில் அதன் பேஸை எடுத்துவிட்டேன், கிதார், குரல் வருகிற பகுதியையும் எடுத்துவிட்டேன். சிம்பல் மட்டும் மிச்சம். அவருடைய சத்தத்தில் வைத்து மாட்டிவிட்டேன்.

வலை வழியாகச் சிம்பல் வேன் முழுக்கக் கொட்டியது. வாசலில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அத்தனை சத்தத்துக்கும் நடுவே மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, சினிமா தொடங்கக் காத்திருப்பவர்போல, பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். பாட்டில் பாதி ஓடிவிட்டது.

"போடும்மா. இன்னாத்துக்கு வெய்ட் பண்றே?"

"போட்டுட்டேன்ணே."

என் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். நான்கு வருடமும் என் வாயைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாசலில் காதைப் பொத்தியிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு போய்விட்டது.

"எத்தினி வருசமா?"

"எனக்குத் தெரிஞ்சு மூணு வருசம். நான்தான் தப்பா எழுதிட்டேன்ணே. என்னை மன்னிச்சிருங்க."

கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஹெட்போனைக் கழற்றவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொல்லி, என் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினார். தழும்பேறிய பெரிய கை. "அவன் எங்கெங்க அடிக்கறானோ அங்கெல்லாம் தட்டும்மா," என்றார். நான் விரலால் தட்ட ஆரம்பித்தேன். பாட்டு வேகமெடுத்தது, என் விரலால் ஈடுகொடுக்க முடியவில்லை, இரண்டு விரலால் தட்டினேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி கீதா?" என்றார். "நான் பாதிகூட நெனைக்கலம்மா."