காற்றாடிக்குப் பின்னால் இருந்த மணி

என் நாத்தனாரின் படிப்பைக் கெடுத்தவள் நான். அவள் தலையெழுத்து அல்ல, என் மாமனாரும் அல்ல. நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், கையில் ஒரு குறடு வைத்துக்கொண்டு கெடுத்தேன்.

மூன்று வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட... நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அவள் பெயர் தெய்வானை. அன்னூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். என் கணவருக்கு மில்லில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை என்பதால் நாங்கள் கணபதி என்ற ஊரில் குடியிருந்தோம். எங்களோடு தங்கித்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். ஐந்தாம் பாரம் முடித்திருந்தாள். கடைசி வகுப்பான ஆறாம் பாரமும் முடித்துவிட்டால் உபாத்தியாயினி ஆகப் படிக்கலாம் என்று இருந்தாள். என்னை மூன்றாம் பாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பிறகு வேண்டியிருக்கும்.

ரப்பர் முறுக்கில் பறக்கும் பொம்மை ஆகாய விமானம் செய்வது எப்படி என்று படம் போட்ட ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை என் கணவர் மில்லிலிருந்து கொண்டுவந்தார். இரண்டு நாள் புரட்டிவிட்டுப் போட்டுவிட்டார். தெய்வானை எடுத்துக்கொண்டாள். மூங்கில் சிம்பு, பட்டம் ஒட்டும் காகிதம், சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் இழைகள். விமானத்தின் முன்னால் சுழலும் காற்றாடியைக் கல்யாண முருங்கைக் கட்டையில் பத்து நாள் செதுக்கினாள். அதன் நடுத்துளையில் ஊசியைக் கோத்து நிறுத்திப் பார்ப்பாள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டுவாள்.

அதைப் பொருத்தும் முறையை அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். விமானத்தின் மூக்கில் துளையிட்ட ஒரு தகரப் பட்டை. காற்றாடியில் இறுக்கிய கம்பி அந்தத் துளை வழியே பின்பக்கம் போகும். அங்கே அதன் நுனியைக் கொக்கியாக வளைத்து ரப்பரை மாட்ட வேண்டும். முறுக்கேறிய ரப்பர் காற்றாடியைப் பின்னால் இழுக்கும். கட்டை தகரத்தோடு ஒட்டிக்கொண்டால் சுற்றாது. அதனால் இரண்டுக்கும் இடையே வழவழப்பான ஒரு மணி வேண்டும்.

கடைவீதியில் வாங்கிய பாசிமணிகளில் கம்பி நுழையவில்லை. அப்போது நான்தான் என் குழந்தையின் கையைப் பிடித்தேன். எட்டு மாதப் பிள்ளை. திருஷ்டிக்கென்று என் அம்மா கட்டிய கருமணிக் கயிறு அவன் மணிக்கட்டில் இருந்தது. முடிச்சை அவிழ்த்து ஒரு மணியை உருவி நீட்டினேன்.

"வேண்டாங்க நங்கை, குட்டிக்குக் கட்டினதுங்க," என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள்.

"படிக்கற புள்ளையாட்டம் பேசு. ஒரு மணி போனா திருஷ்டி பட்டுருமா?" என்று நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எவ்வளவு பெருமை! நானும் படித்தவள்தான் என்று காட்டிக்கொண்டேன்.

மணி கச்சிதமாகப் பொருந்தியது. அதன்மேல் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். அன்று மாலை வீட்டுக்குப் பின்னாலிருந்து விட்டபோது ஓட்டுக்கூரையைத் தாண்டி ஏறி, வேலிக்கு அப்பால் மெதுவாக இறங்கியது. மூன்று முறை விட்டோம். மூன்று முறையும் ஏறியது.

அடுத்த புதன்கிழமை மாமனார் வந்தார். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டார் தெய்வானையைக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். அதைப் பேசத்தான் வந்தார். வந்தவர் கண்ணில் விமானம் பட்டது.

"ஏங்கண்ணு, குருவியாட்டம் இருக்குது. முட்டை வெக்குமா?"

"பறக்குமுங்கப்பா."

"கோழிகூடத்தான் பறக்குது. அதென்ன ஆறாம் பாரமா படிச்சுது?"

அவரைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. "இந்த ஊட்டுக் கூரை மோட்டுக்கு மேல போச்சுன்னா என்னைப் படிக்க உடுங்க."

"சரி. ஞாயித்துக்கெழம நாலு பேர் பாக்க உடு. மோட்டைத் தாண்டுச்சுன்னா படி. தாண்டலீன்னா கோபிக்காரருக்கு வாக்குக் குடுத்துபோடறேன். அப்பறம் கண்ணைக் கசக்கக் கூடாது."

நாலு பேர் முன்னால் சொன்னதை அவர் மாற்றியதே கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அனலாகக் கொதித்தான். டாக்டர் ஒரு புட்டி மருந்து கொடுத்தார். மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என் கண் அவன் மணிக்கட்டுக்குத்தான் போயிற்று. கயிற்றில் ஒரு மணியின் இடம் காலியாக இருந்தது. நானே உருவியது. சிரித்துக்கொண்டே உருவியது... என் சிரிப்புக்குத்தான் இந்தத் தண்டனையா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை மாலை வேர்த்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஞாயிறு காலை அவன் உடம்பு சில்லென்று இருந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

என் கணவரின் குறட்டால் கொக்கியை நிமிர்த்தினேன். காற்றாடியைக் கம்பியோடு வெளியே இழுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு மணி என் உள்ளங்கையில் விழுந்தது. மருந்துப் புட்டியின் தக்கையில் ஒரு வில்லை அரிந்து, நடுவே குத்தி, மணியின் இடத்தில் வைத்தேன். கம்பியைத் திரும்ப நுழைத்துக் கொக்கியை வளைத்தேன். வளைத்த கொக்கி நடுவில் நிற்கவில்லை. என் கண்ணுக்கே தெரிந்தது.

தக்கை நசுங்கும், பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள்தான் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லியிருந்தாளே!

மணியைக் கயிற்றில் கோத்துக் குழந்தைக்குக் கட்டினேன். தெய்வானை ஈரத் தலையோடு வந்தாள். "நீ தலையைத் துவட்டு. அதை நான் எடுத்துட்டு வாரேன்," என்றேன். ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்க்கக் கூடாதென்று சுற்றினேன்.

வீட்டுக்குப் பின்னால் சோளம் அறுத்த காடு. மாமனார், என் கணவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். அவள் விரலால் காற்றாடியைச் சுற்றி முறுக்கேற்றினாள். பாதியில் விரல் நின்றது. கையில் ஏதோ வித்தியாசம் பட்டிருக்க வேண்டும்.

"என்னம்மணி, குருவிக்குப் பசியா?" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மீதியையும் சுற்றினாள். விட்டாள்.

காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றித் திக்கியது. விமானம் முழுவதும் உதறியது. இடுப்பு உயரம்கூடப் போகவில்லை. மூக்கு குத்தி விழுந்தது. சோளத் தட்டையில் மோதிக் காற்றாடியின் ஓர் இறக்கை முறிந்தது. பத்து நாள் செதுக்கிய இறக்கை.

அவள் குனிந்து எடுத்தாள். காற்றாடியை நகத்தால் முன்னுக்கு இழுத்துப் பார்த்தாள். தக்கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். அவன் கையில் எல்லா மணியும் இருந்தது. ஒன்று மட்டும் எண்ணெயில் மின்னியது.

"என்னாச்சு கண்ணு?" என்றார் மாமனார்.

"நாந்தானுங்கப்பா. மணிக்குப் பதுலா தக்கையை வெச்சுபோட்டேன். சுத்துலீங்க."

அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கொடுக்கப்பட்டது. 'மாமா, தப்பு என்மேல். சரிபண்ணி இன்னொரு தடவை விடச் சொல்லுங்கள்' என்றால் போதும். மணி என் இடுப்பில்தான் இருந்தது. அவர் நியாயம் தெரிந்தவர், விடச் சொல்லியிருப்பார்... நான் குழந்தையின் கையை முந்தானைக்குள் இழுத்து மூடினேன்.

"உடு கண்ணு. வெயில் ஏறுது, ஊட்டுக்குப் போலாம்," என்று அவர் அவள் தோளைத் தட்டினார். அவர் கேலி செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "குட்டிக்கு இப்ப மேலு சுடுதுங்களா?"

"இல்லை," என்றேன்.

"அப்பச் சரீங்க," என்றாள்.

பிள்ளைக்காகச் செய்தேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். தாயின் பயம் என்றால் யார்தான் குறை சொல்வார்கள்? ஆனால் கடைவீதி மணிகளில் கம்பிதான் நுழையவில்லை, நூல் நுழையுமே! காலி இடத்தில் அதில் ஒன்றைக் கோத்திருக்கலாமே! ஏன் கோக்கவில்லை?

சனிக்கிழமை மாலை, காய்ச்சல் இறங்கிய அதே வேளையில், தெய்வானை ஆறாம் பாரப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே ஒரு தோழியிடம் வாங்கி வந்திருந்தாள். பழுப்புக் காகிதத்தை மடித்து, நகத்தால் கோடு இழுத்து, பெயர் எழுதினாள். நான் மடியில் பிள்ளையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனசில் என்ன இருந்தது? பயம் மட்டும்தானா? மூன்றாம் பாரத்தோடு நின்றவளைக் கேட்டால்... எனக்குத் தெரியவில்லை என்று எழுத வந்தேன். தெரியும்.

தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. வாழைத்தோட்டமும் வயலுமாக நல்ல இடம். மாப்பிள்ளையும் குணமானவர்தான். நல்ல இடம் என்று எல்லோரும் சொல்லும்போது நானும் தலையாட்டுகிறேன்.

போன வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு; நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் கைக்கயிற்றை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குக் கட்டுவார்கள். 'குட்டியின் கருமணிக் கயிறு இருந்தால் அனுப்புங்கள், நங்கை' என்று எழுதியிருந்தாள். அழகான எழுத்து. குத்திக்காட்டுகிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்று பத்துத் தடவை படித்தும் பிடிபடவில்லை. உண்மையாகவே கேட்கிறாள் என்றால் அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்தேன். தகரத்தில் உரசிய அந்த மணியை இப்போதும் கண்டுபிடிக்கலாம். துளையைச் சுற்றி வெளுத்து ஒரு வளையம் விழுந்திருக்கிறது. அவள் பார்த்த உடனே கண்டுகொள்வாள்.

பதில் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன். 'இங்கு யாவரும் நலம்' என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு மணியை மட்டும் மறுபடியும் உருவிக்கொண்டேன். மீதியைக் கோத்துக் கட்டி, அந்தக் கடிதத்தோடு உறையில் வைத்துத் தபாலில் சேர்த்துவிட்டேன்.